ஒல்லி உடம்பு நைலான் கிட்டார்: வைத்துக்கொள்ளலாமா, திருப்பிக் கொடுத்துவிடலாமா?

கடையில் ஆம்பில் செருகி வாசித்தபோது மயக்கிய கிட்டாரை, வீட்டுக்கு வந்து ஒயர் இல்லாமல் மீட்டினால் அட்டைப்பெட்டியில் ரப்பர் பேண்ட் கட்டியதுபோல் கேட்கிறது. மெலிந்த உடம்புள்ள எலெக்ட்ரிக் நைலான் கிட்டார் வாங்கியவர்களுக்கு முதல் வாரமே வருகிற மனக்கலக்கம் இது. பணம் வீணாகிவிட்டதா, நல்ல கிளாசிக்கல் கிட்டாராகவே வாங்கியிருக்கலாமோ என்று மனம் அலைபாயும்.

எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இது பாதிக் கருவி. மீதிப் பாதி ப்ரீஆம்ப் (ஆம்புக்குப் போகுமுன் சிக்னலை வலுப்படுத்தும் சுற்று), ஆம்ப், ஸ்பீக்கர். ட்ரம்ஸுக்கும் பேஸுக்கும் நடுவில் நின்று நைலான் ஒலியை எடுக்க வேண்டியவருக்கு இதைவிட வசதியான கருவி கிடையாது. அமைதியான அறையில் தனக்குத்தானே வாசித்துக்கொள்பவருக்கு இது பொருந்தாது; எந்த செட்டப்பும் அதை மாற்றாது. இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்கள்தான் அவசரப்படக் கூடாது. அவர்கள் சொல்லும் குறைகளில் சில கிட்டாரின் பிறவிக்குணம்; சில, சாடிலை (தந்திகளை அடியில் தாங்கும் மெல்லிய துண்டை) கழற்றி அரைமணி நேரம் வேலை பார்த்தால் போய்விடும். எது எது என்று பிரித்துத் தெரிந்துகொண்டபின் முடிவெடுக்கலாம்.

‘ஒல்லி’ என்ற சொல்லே கொஞ்சம் ஏமாற்றும். வழக்கமான கிளாசிக்கல் கிட்டாரின் பக்கப்பலகை ஆழம் ஏறத்தாழ 95 முதல் 100 மி.மீ. அதைக் கொஞ்சம் குறைத்து, ஓசைத்துளையை அப்படியே வைத்திருப்பது ஒரு வகை. யமஹாவின் என்டிஎக்ஸ் வரிசை அந்த மாதிரி. செருகாமலும் ஓரளவு பாடும். இரண்டாவது, மஹாகனிக் கட்டையின் உள்ளே அறைகளைக் குடைந்து, மேலே மெல்லிய பலகை ஒட்டி, துளையே இல்லாமல் மூடியது. கனடாவின் கோடின் நிறுவனம் செய்யும் மல்டியாக் இதற்குச் சரியான உதாரணம். இந்த எண்ணத்தை மேடைக்காரர்களிடம் பரப்பியது 1982-இல் கிப்சன் வெளியிட்ட செட் அட்கின்ஸ் மாடல். மூன்றாவது, உடம்பே இல்லாமல் சட்டம் மட்டும் உள்ள யமஹா எஸ்எல்ஜி போன்ற ‘சைலன்ட்’ கிட்டார்கள். அதிகம் வருத்தப்படுகிறவர்கள் இரண்டாம் வகையை வாங்கியவர்களே. சைலன்ட் கிட்டாரில் சத்தம் வராது என்று பெட்டியிலேயே எழுதியிருக்கிறது. துளை உள்ளது ஏதோ கொஞ்சம் கொடுக்கிறது. நடுவில் உள்ளதுதான் பார்க்க முழுக் கிட்டார் போலவும் கேட்கப் பாதி போலவும் இருக்கிறது.

பேஸ் ஒலி (கீழ்ஸ்தாயி) ஏன் காணாமல் போகிறது?

காலிப் பாட்டிலின் வாயில் ஊதினால் ஒரு குறிப்பிட்ட சுருதியில் ‘பூம்’ என்கிறதல்லவா, கிட்டாரின் வயிற்றுக்குள் உள்ள காற்றும் அப்படித்தான். முழு ஆழக் கிளாசிக்கல் கிட்டாரில் அந்த அதிர்வு 100 ஹெர்ட்ஸை ஒட்டி இருக்கும். ஆறாவது தந்தியின் திறந்த ஸ்வரம் 82 ஹெர்ட்ஸ், நான்காவது ஃப்ரெட்டில் 104. ஆகவே அந்தத் தந்தியின் கீழ் ஸ்வரங்களுக்கெல்லாம் காற்றே தோள் கொடுக்கிறது. துளையை மாற்றாமல் உள்ளிருக்கும் காற்றின் கொள்ளளவைப் பாதியாக்கினால் அந்த அதிர்வு சுமார் 1.4 மடங்கு ஏறி 140 ஹெர்ட்ஸுக்குப் போய்விடும். அதாவது ஐந்தாம் தந்தியின் நான்காவது ஃப்ரெட் பக்கம். கீழே உள்ள ஸ்வரங்கள் ஆதரவில்லாமல் நிற்கும். துளையே இல்லையென்றால் இந்தக் கணக்குக்கே இடமில்லை. மேல்பலகை அசைவது மட்டும்தான் காதுக்கு வரும்.

இதுவே மேடையில் வரமாகிறது. ஸ்பீக்கர் ஒலியில் கிட்டாரின் வயிறு தானாக அதிர்ந்து, அது பிக்கப் (அதிர்வை மின்சிக்னலாக்கும் கருவி) வழியாகத் திரும்ப ஆம்புக்குப் போய் ஊளையிடுவதுதான் ஃபீட்பேக். முழு ஆழக் கிட்டாரில் அது பெரும்பாலும் அந்த 100-லும், மேல்பலகையின் சொந்த அதிர்வான 200 ஹெர்ட்ஸ் பக்கத்திலும்தான் கிளம்பும். ஒல்லிக் கிட்டாரின் பலவீனமும் பலமும் ஒரே இடத்தில் பிறப்பவை. ஒன்றை வாங்கிவிட்டு மற்றதைத் திருத்தச் சொல்ல முடியாது.

செருகாமல் பழகுவது கையைக் கெடுக்கும். சத்தம் போதவில்லை என்று வலது கை தானாகவே ஓங்கி மீட்டத் தொடங்கும். நகம் தந்தியை மேலே இழுத்துவிடும், கை பிரிட்ஜ் (உடம்பில் தந்திகளைக் கட்டும் மரத்துண்டு) பக்கமாக நகரும். இரண்டு வாரம் கழித்து ஆம்பில் செருகினால் ஒவ்வொரு ஸ்வரத்தின் தொடக்கத்திலும் ‘டக்’ என்று பிளாஸ்டிக் சத்தம். பிக்கப்பைத் திட்டுவோம், குற்றம் பழக்கத்தில் இருக்கும். இந்த வகைக் கிட்டாரைப் பத்து நிமிடம் பழகினாலும் ஹெட்ஃபோனிலோ சிறு ஆம்பிலோ செருகிப் பழகுவது நல்லது. ஆறாவது தந்தியை மெல்லத் தொட்டாலே அறை நிறைகிற அளவுக்கு ஆம்ப் ஒலியை வைத்துக்கொண்டு, கையை அதற்கு ஏற்பத் தணித்துக்கொள்ளுங்கள். எலெக்ட்ரிக் கிட்டாரிலிருந்து வருகிறவர்களுக்கு இது உடனே கைவரும். கிளாசிக்கல் பயிற்சி பெற்றவர்களுக்குத்தான் சில வாரம் ஆகும்.

சாடிலைப் பாருங்கள்

நைலான் காந்தத்துக்குக் கட்டுப்படாது. எனவே எலெக்ட்ரிக் கிட்டாரின் சுருள் பிக்கப் இதில் வேலை செய்யாது. சாடிலுக்கு அடியில் ஒரு பீஸோ (அழுத்தத்தை மின்சிக்னலாக்கும் பொருள்) பட்டையோ, ஒவ்வொரு தந்திக்கும் தனித்தனி பீஸோ கொண்ட சாடிலோ இருக்கும். அது கேட்பது காற்றை அல்ல, அழுத்தத்தை. சாதாரண நைலான் செட்டின் மொத்த இழுவிசை சுமார் 40 கிலோ. ஸ்டீல் தந்திகளில் 70 கிலோவைத் தாண்டும். அழுத்தும் பலம் ஏற்கனவே குறைவு என்பதால், ஸ்டீல் கிட்டாரில் கண்டுகொள்ளப்படாத சிறு குறை இங்கே பெரிதாகத் தெரியும்.

முதல் அறிகுறி, தந்திக்குத் தந்தி ஒலி ஏறி இறங்குவது. மூன்றாவது தந்தி மங்கலாக, நான்காவது கத்தும். அல்லது முதல் தந்தி ஒரேயடியாகக் காணாமல் போகும். சோதிப்பது எளிது. ஆம்பின் டோன் எல்லாவற்றையும் நடுவில் வைத்து, ஒவ்வொரு தந்தியையும் கட்டைவிரலின் சதையால் ஒரே வலுவில் மீட்டுங்கள். நகம் வேண்டாம், நகம் பொய் சொல்லும். ஒரு தந்தி மட்டும் தெளிவாகத் தாழ்ந்தால், அடியில் தொடர்பு சரியில்லை.

தந்திகளை முழுக்கத் தளர்த்தி சாடிலை விரலால் இழுத்தால் வர வேண்டும். குறடு போட்டுப் பிடுங்கும் அளவுக்கு இறுக்கம் என்றால் அதுவே நோய்: பள்ளத்தின் சுவர்களே சாடிலைத் தாங்கிக்கொண்டு பீஸோவுக்கு அழுத்தத்தை விடவில்லை. மாறாக முன்னும் பின்னும் ஆடினால், தந்தியின் இழுப்பில் சாய்ந்து ஒரு விளிம்பால் மட்டும் உட்கார்ந்திருக்கும். பள்ளத்தில் மரத்தூள், பசைத்துளி இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்து, மெல்லிய பிரஷ்ஷால் துடையுங்கள். பீஸோ பட்டையை மட்டும் மடக்காதீர்கள், தூக்கி இழுக்காதீர்கள். உள்ளே ஒருமுறை முறிந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும்.

பிறகு சாடிலின் அடிப்பாகம். அதில் பென்சிலால் குறுக்குக் கோடுகள் போடுங்கள். கண்ணாடித் தகட்டின் மேல் 400 எண் உப்புத்தாளை ஒட்டி, சாடிலை நிமிர்த்திப் பிடித்து நேராக ஐந்தாறு முறை தேயுங்கள். எந்த இடத்தில் கோடு அழியாமல் நிற்கிறதோ அதுதான் பள்ளம். கோடு முழுக்கச் சமமாக மறையும்வரை தேய்த்து, 600-இல் முடியுங்கள். கையில் பிடித்துத் தேய்த்தால் அடிப்பாகம் படகுபோல் வளைந்துவிடும். செங்கோணமான ஒரு கட்டையை ஓரத்தில் வைத்து அதில் அணைத்துத் தேய்ப்பதே வழி. தாளைக் கிழித்து அடியில் சொருகும் வைத்தியமும் உண்டு. ஒரு நிகழ்ச்சியைத் தாண்டும், அவ்வளவுதான்.

இங்கே பலர் செய்யும் தவறு ஒன்று. எலெக்ட்ரிக் கிட்டார் போல் விரலுக்கு எளிதாக வேண்டும் என்று ஆக்ஷனை (ஃப்ரெட்டுக்கு மேல் தந்தி நிற்கும் உயரத்தை) குறைத்துக்கொண்டே போவார்கள். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அரை மி.மீ. இறக்க சாடிலில் ஒரு மி.மீ. தேய்க்க வேண்டும். அதனால் சாடிலிலிருந்து பின்னால் கட்டுமிடத்துக்குத் தந்தி இறங்கும் கோணம் சரிந்துவிடும். கோணம் சரிந்தால் அழுத்தம் குறையும், அழுத்தம் குறைந்தால் சிக்னல் மெலியும், தந்திகளுக்குள் சமநிலை போகும். அது போக நைலான் தந்தி அகலமாக ஆடும். இடம் கொடுக்காவிட்டால் ஃப்ரெட்டில் உரசி இரையும். கிளாசிக்கலில் ஆறாவது தந்திக்கு 4, முதல் தந்திக்கு 3 மி.மீ. என்பது வழக்கம். இந்த வகையில் 3-ம் 2.5-ம் நியாயமான எல்லை. அதற்குக் கீழே போகிறவர் ஒரிஜினல் சாடிலைத் தேய்க்காமல் பத்திரமாக வைத்துவிட்டு, வேறொன்று வாங்கித் தேய்க்கட்டும். பிரிட்ஜில் ஆறு துளைக்குப் பதில் பன்னிரண்டு துளை இருந்தால், தந்தியை அதே துளையில் சுற்றிக் கட்டாமல் பக்கத்துத் துளையில் திருப்பிக் கட்டலாம். முடிச்சு தந்தியை மேலே தூக்காது, கோணம் செங்குத்தாகும், சிக்னல் ஏறும்.

இந்த வகைக் கிட்டார்களில் பெரும்பாலானவற்றின் கழுத்துக்குள் ட்ரஸ் ராட் (கழுத்தின் வளைவைச் சரிசெய்யும் உலோகக் கம்பி) உண்டு. மரபான கிளாசிக்கலில் பொதுவாக இருக்காது. முதல் ஃப்ரெட்டையும் பதினான்காவதையும் அழுத்திக்கொண்டு ஏழாவதில் பார்த்தால் 0.2 முதல் 0.3 மி.மீ. இடைவெளி இருக்கட்டும். ஒரு தடவைக்கு எட்டில் ஒரு பங்கு சுற்று, பிறகு ஒரு மணி நேரம் காத்திருப்பு. ஆக்ஷன் சரிசெய்யும் கருவி இதுவல்ல.

ஒலியைச் சரிசெய்வது

சாடில் சரியானபின்னும் வாத்துக் கத்துவது போன்ற ‘குவாக்’ சத்தம் மிச்சம் இருந்தால் அது பீஸோவின் குணம். தொடக்க அடியை அது மிகைப்படுத்திக் காட்டும். கிட்டாரின் பக்கவாட்டில் உள்ள மூன்று குமிழ் ஈக்யூவால் (ஒலியின் பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பால்) இதைப் பிடிக்க முடியாது; அதன் ‘மிட்’ குமிழ் பரந்து வேலை செய்யும், திருகினால் கிட்டாரின் உடம்பையே சேர்த்துக் காலி செய்யும். வெளியே ஒரு பாராமெட்ரிக் ஈக்யூ (எந்த அலைவரிசை, எவ்வளவு அகலம் என்று தேர்ந்தெடுக்க முடிவது) வேண்டும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள்; மேடையில் கால் தட்டுவதும் கை உரசுவதும் அங்கேதான் இருக்கின்றன. 2 முதல் 3 கிலோ ஹெர்ட்ஸுக்குள் மெல்ல நகர்த்திப் பார்த்து, மிக எரிச்சலூட்டும் இடத்தில் 3 அல்லது 4 டெசிபல் குறையுங்கள். 8 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேல் சற்றே தாழ்த்தினால் விரல் சறுக்கும் கீச்சு அடங்கும். ஊளை வந்தால் மட்டும் அந்த இடத்தில் குறுகிய நாட்ச் (ஓர் அலைவரிசையை மட்டும் வெட்டுவது).

இதையெல்லாம் விடப் பெரிய மாற்றம் தருவது ஐஆர் (இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ்). மைக் வைத்துப் பதிவு செய்த கிளாசிக்கல் கிட்டாரின் உடம்பு அதிர்வை ஒரு பெடலில் ஏற்றி, பீஸோ ஒலியோடு கலப்பது. 40 முதல் 50 சதவீதம் போதும். அதற்கு மேல் ஏற்றினால் ஹெட்ஃபோனில் சொர்க்கமாக இருக்கும், மேடையில் பேஸ் கிட்டாரோடு மோதிக் குழையும். ‘பாதி கிட்டார்தான் வாங்கியிருக்கிறோம்’ என்ற குறை பலருக்கும் தீர்வது இந்தப் பெடலில்தான். வாங்கும்போதே இதற்கான தொகையையும் கணக்கில் சேர்த்திருந்தால் மனக்கசப்பே வந்திருக்காது.

எந்த ஆம்ப் என்பதும் முக்கியம். எலெக்ட்ரிக் கிட்டார் ஆம்பின் ஸ்பீக்கர் 5 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேல் சட்டென்று கைவிட்டுவிடும். நடுப்பகுதியைத் தூக்கிக் காட்டும். அதில் நைலான் போர்வைக்குள் வாசித்தது போலிருக்கும். அக்கூஸ்டிக் ஆம்ப், அல்லது நேராக ஒரு பவர்ட் ஸ்பீக்கர். கிட்டாரில் ப்ரீஆம்ப் இல்லாத வெறும் பீஸோ என்றால், செருகுமிடத்தின் உள்ளீட்டு மின்தடை குறைந்தது 1 மெகா ஓம் இருக்க வேண்டும், 10 இருந்தால் மகிழ்ச்சி. குறைவாக இருந்தால் முதலில் பேஸ் கழன்று, ஒலி தகரமாகிவிடும். மிக்ஸரில் கெய்னை அமைக்கும்போது மென்மையான அர்ப்பெஜியோவை (கார்டின் ஸ்வரங்களை ஒவ்வொன்றாக மீட்டுவதை) வைத்து அமைக்காதீர்கள். நீங்கள் வாசிக்கும் மிக ஓங்கிய ரஸ்கேயாதோவை (விரல்களை விரித்து எல்லாத் தந்திகளையும் அடிப்பதை) வைத்து அமையுங்கள். ஃப்ளமெங்கோக்காரர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: உடம்பைத் தட்டும் கோல்பே இதில் பீரங்கி மாதிரி வரும். விரல்நுனிச் சதையால், பிரிட்ஜிலிருந்து தள்ளித் தட்டப் பழக வேண்டும்.

பேட்டரி பற்றி ஒரே வரி: ஒயரைச் செருகியவுடன் ப்ரீஆம்ப் விழித்துக்கொள்ளும் அமைப்பு என்றால், வாசித்து முடித்ததும் பிடுங்கிவிடுங்கள். தொடக்க அடிகள் மட்டும் கரகரக்க ஆரம்பித்தால் முதலில் பேட்டரியை மாற்றிப் பாருங்கள்.

கழுத்தும் மடியும்

கிளாசிக்கல் நட் (கழுத்தின் தலைப்பக்கத்தில் தந்திகளைப் பிரித்து வைக்கும் துண்டு) அகலம் பொதுவாக 52 மி.மீ., இந்த வகையில் பெரும்பாலும் 48. நான்கு மி.மீ. என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். ஐந்து இடைவெளிகளுக்குப் பகிர்ந்தால் ஒவ்வொன்றிலும் முக்கால் மி.மீ. போய்விடுகிறது. திறந்த தந்திகளோடு கலந்து வாசிக்கும் கார்டுகளில் விரல்சதை பக்கத்துத் தந்தியைத் தொட்டு அடைக்கும். விரல் தடித்தவர்களுக்கு இது பழகினாலும் முழுக்கத் தீராது. எலெக்ட்ரிக்கிலிருந்து வருகிறவர்களுக்கோ 48-ம் லேசான வளைவுள்ள விரல்பலகையும் சேர்ந்து பாரேயை (ஒரே விரலால் பல தந்திகளை அழுத்துவதை) சுகமாக்கும்.

அதிகம் பேசப்படாத ஒன்று, கழுத்து உடம்போடு சேரும் இடம். கிளாசிக்கலில் பன்னிரண்டாவது ஃப்ரெட், இவற்றில் பலவற்றில் பதினான்காவது. 650 மி.மீ. ஸ்கேலில் (நட்டிலிருந்து சாடில் வரையான தந்தி நீளம்) இந்த இரண்டு ஃப்ரெட்டுகளுக்கு நடுவே 35 மி.மீ. அவ்வளவு தூரம் முதல் ஃப்ரெட் உடம்பை விட்டு விலகிப் போகிறது. இடது தோள் வலிக்கிறது, முதல் நிலைக் கார்டுகள் எட்டவில்லை என்ற புகாருக்கு இதுவே காரணம். கழுத்தின் தடிமனைப் போய்ச் சந்தேகிப்பார்கள். கிட்டாரை வலது பக்கம் சற்று நகர்த்தி, தலைப்பகுதியைக் கண் மட்டத்துக்கு உயர்த்தினால் பாதி தீரும்.

மடியில் வைத்தால் இன்னொரு சிக்கல். முழு ஆழக் கிட்டார் மார்பில் சாய்ந்து நிற்கும். ஒல்லி உடம்பு பின்னால் சரிந்து, முகம் கூரையைப் பார்க்கும். வாசிப்பவர் எட்டிப் பார்க்கக் கழுத்தை வளைப்பார். உறிஞ்சிப் பிடிக்கும் சப்போர்ட்டுகள் மெல்லிய பக்கப்பலகையில் முழுசாகப் பதியாது. பளபளப்பில்லாத சாட்டின் பூச்சில் பாதியில் கழன்று விழும். எளிய வழி ஸ்ட்ராப். உட்கார்ந்து வாசித்தாலும் ஸ்ட்ராப் மாட்டியே வாசியுங்கள். ஆனால் பொத்தான் இல்லாத கிட்டாரில் துளையிடும் முன், வைத்துக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். துளை போட்ட கிட்டாரை எந்தக் கடையும் திரும்ப எடுக்காது.

தந்திகளில் மூன்றாவதுதான் தொல்லை. ஒரு மி.மீ. தடிமனுள்ள வெறும் நைலான். பீஸோவில் அது ‘தொப்’ என்று விழும். அதை மட்டும் கார்பன் தந்தியாக மாற்றிப் பாருங்கள். கார்பன் அடர்த்தி கூடியது, அதே சுருதிக்கு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மெல்லியதாகப் போதும். தெளிவு உடனே தெரியும். ஹை டென்ஷன் செட் போட்டால் சிக்னல் கொஞ்சம் கூடும், இடது கை அதற்கு விலை கொடுக்கும். புது நைலான் நான்கைந்து நாளுக்குச் சுருதியில் நிற்காது. அதை ட்யூனரின் குறை என்று எண்ணித் திருப்பி அனுப்பியவர்களும் உண்டு. ஸ்டீல் தந்தி மட்டும் ஒருபோதும் கூடாது. பிரிட்ஜே பெயர்ந்து வரும்.

கிட்டாரால் சிந்தசைசர் ஓட்டலாம் என்று 13 பின் சாக்கெட் (ஒவ்வொரு தந்தியின் சிக்னலையும் தனித்தனியாக அனுப்புவது) உள்ளதை வாங்கியவர்கள் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆறாவது தந்தி ஒருமுறை ஆடி முடிக்கவே 12 மில்லி செகண்ட். சுருதியைக் கண்டுபிடிக்கக் குறைந்தது ஓரிரு ஆட்டம் தேவை. ஆகவே கீழ் ஸ்வரங்களில் தாமதம் இருந்தே தீரும். அந்தக் கிட்டாரில் பழுதில்லை. பேட் போன்ற மெல்ல எழும் ஒலிகளுக்கு மேல் தந்திகளைப் பயன்படுத்தினால் பிரச்சினை தெரியாது.

யார் வைத்துக்கொள்ளலாம்? மாதத்தில் ஓரிரு முறையாவது பேண்டோடு வாசிப்பவர், ஒரே நிகழ்ச்சியில் எலெக்ட்ரிக்கும் நைலானும் மாற்றி மாற்றி எடுப்பவர், ஹெட்ஃபோனில் இரவு பழகுபவர். சாடிலைச் சரிசெய்து, ஐஆர் சேர்த்து, இரண்டு வாரம் செருகியே வாசித்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். யார் கொடுத்துவிடலாம்? தனியாக, மைக் முன்னாலோ சிறு அறையிலோ வாசிப்பவர். அவருக்கு முழு ஆழக் கிளாசிக்கல் கிட்டாரின் உள்ளே, பிரிட்ஜுக்கு அடியில் ஒட்டும் ட்ரான்ஸ்டியூசர் (பலகையின் அதிர்வை எடுக்கும் சிறு பிக்கப்) ஒன்றே போதும். ஊளை வந்தால் துளைக்கு ஒரு ரப்பர் மூடி. 52 மி.மீ. கழுத்துதான் வேண்டும், வீட்டில் சத்தமும் கூடாது என்பவருக்கு யமஹா எஸ்எல்ஜி 200 என்டபிள்யூ அந்த அகலத்திலேயே கிடைக்கிறது.

திருப்பிக் கொடுப்பதென்றால் கடை கொடுத்த கெடுவுக்குள் கொடுங்கள். தேய்க்காத ஒரிஜினல் சாடிலை மறுபடி பொருத்துங்கள், ட்ரஸ் ராட் சாவியைப் பையில் போடுங்கள். பேட்டரியைக் கழற்றிவிடுங்கள், அனுப்பும் வழியில் கசிந்தால் ப்ரீஆம்ப் போய்விடும். தந்திகளை இரண்டு மூன்று ஸ்வரம் இறக்கி, தலைப்பகுதிக்கு அடியில் துணிச்சுருள் வைத்து, தலை பெட்டியின் சுவரில் முட்டாதபடி அடையுங்கள். கூரியரில் உடைவது பெரும்பாலும் அங்கேதான்.